வெடுக்கி விற்ற இலுப்பை மரம்

“ஏய்! வரப்பில் சோளத்தை இறைத்துவிட்டுப் போனவனே! முகத்தைக் காட்டு! முன்னால் வந்து பதில் சொல்லு!”

காட்டை ஒட்டிய கம்பங்கொல்லைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது வெடுக்கி என்ற தவிட்டுக்குருவி.

“ஒருவரா, இருவரா? ஆறு பேர்! ஒரே காலையில் ஆறு பேர்! கல்லை விட்டு எறிந்திருந்தால் பறந்து தப்பியிருப்போம். சாப்பாட்டில் கை வைத்தாயே! எவனாக இருந்தாலும் வா இங்கே!”

யாரும் வரவில்லை. கம்பங்கதிர்கள் காற்றில் ஆடின. தொண்டை கட்டிக்கொள்ளும் வரை கத்திவிட்டு, வெடுக்கி இலுப்பை மரத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தது.

வெடுக்கிக்கு மூக்குக்கு மேல் கோபம். வாயும் அப்படித்தான். ஒரு கம்பளிப்புழுவைப் பங்கு போட அரை நாள் பேரம் பேசும். கரையான் புற்றைக் கீரியிடமிருந்தும், ஓடைக்கரையைக் காடைகளிடமிருந்தும் பேசிப் பேசியே வாங்கியது அதுதான். யாரும் அதற்குக் கற்றுக் கொடுக்கவில்லை. நாலு இடத்தில் ஏமாந்து, நாலு இடத்தில் கொத்து வாங்கித் தானாகக் கற்றுக்கொண்டது. அப்படிச் சேர்த்த இடத்தில்தான் அந்தக் குடும்பம் வாழ்ந்தது. கணவன் மெல்லான், இரண்டு அண்ணன்மார், ஒரு தங்கை, இரண்டு பெண்கள். வெடுக்கியோடு ஏழு பேர்.

தவிட்டுக்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறு பேர் தரையில் மேய்ந்தால் ஒருவர் மேலே காவல் இருக்க வேண்டும். காவல் இருப்பவர் சாப்பிடக் கூடாது. “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று மெதுவாகக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் குரல் காதில் விழுகிற வரை மற்றவர்கள் தலை நிமிராமல் சாப்பிடுவார்கள். பிறகு அடுத்தவர் முறை.

ஆறு பேரும் போன அன்றைக்கு வெடுக்கியின் முறை. காய்ந்த வேலமரத்து உச்சியில் உட்கார்ந்திருந்தது. ஒரு மனிதன் வந்தான். தலையில் துண்டு, கையில் பை. முகம் தெரியவில்லை. “ஆள்! ஆள்!” என்று எச்சரித்தது. எல்லாரும் புதருக்குள் ஒளிந்தார்கள். அவன் வரப்பு நெடுகச் சோளத்தை இறைத்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் வெடுக்கி குரல் கொடுத்தது.

“ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை! வாங்க, சாப்பிடுங்க!”

மெல்லான் மட்டும் அண்ணாந்து பார்த்துச் சொன்னது. “வெடுக்கி, நல்ல சோளமாக இருக்கிறது. நீ இறங்கிச் சாப்பிடு. நான் ஏறுகிறேன்.”

“முறை என்றால் முறை! என் முறையை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன். நீ சாப்பிடு!”

மெல்லான் சிரித்துக்கொண்டே குனிந்தது.

கொஞ்ச நேரத்தில் தங்கை தடுமாறியது. பிறகு பெரிய அண்ணன். வெடுக்கி பதறிப் போய் வானத்தைப் பார்த்தது. வல்லூறு இல்லை. புதரைப் பார்த்தது. பூனை இல்லை. தரையைப் பார்த்தது. பாம்பு இல்லை. வல்லூறுக்கு ஒரு கூப்பாடு, பாம்புக்கு ஒரு கூப்பாடு, பூனைக்கு ஒரு கூப்பாடு என்று தவிட்டுக்குருவிகளிடம் உண்டு. தானியத்துக்கு என்று ஒரு கூப்பாடு கிடையாது. எதைக் கத்துவது என்று தெரியாமல் மூன்றையும் மாற்றி மாற்றிக் கத்தியது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் அந்த மனிதன் திரும்பி வந்தான். செத்துக் கிடந்த ஆறு பேரையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஓர் இறகு கூட மிச்சமில்லை.

வெடுக்கி இலுப்பை மரத்துக் கிளையில் போய் உட்கார்ந்தது. ஏழு பேரும் வரிசையாக ஒட்டி உட்கார்ந்து தூங்குகிற கிளை அது. எப்போதும் போல ஓரத்தில் உட்கார்ந்தது. பக்கத்தில் ஆறு பேருக்கு இடம் விட்டிருந்தது.

ஒரு மைனா வந்து அந்த இடத்தில் உட்காரப் பார்த்தது.

“எழுந்திரு! அங்கே ஆள் இருக்கிறது!” என்று பாய்ந்தது வெடுக்கி.

“எங்கே இருக்கிறது?” என்று மைனா சுற்றும் முற்றும் பார்த்தது.

“இருக்கிறது என்றால் இருக்கிறது! போ!”

மைனா வெடுக்கியின் முகத்தைப் பார்த்தது. வேறு மரத்துக்குப் போய்விட்டது.

நாள்கள் போயின. வெடுக்கி இளைத்துக்கொண்டே வந்தது. தனியாக ஒரு தவிட்டுக்குருவி வயிறாரச் சாப்பிட முடியாது. ஒரு தடவை கொத்தினால் நாலு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அதற்குள் புழு மண்ணுக்குள் போய்விடும். பல நாள் கொத்தக்கூட மனம் வரவில்லை.

அதே மரத்துப் பொந்தில் வரிமுதுகன் என்று ஓர் அணில் இருந்தது. அது ஒரு நாள் கீழே இறங்கி வந்தது.

“அக்கா, நான் மேலே உட்கார்ந்து காவல் பார்க்கிறேன். நீ சாப்பிடு.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

“சும்மா கொடுப்பதை நான் வாங்குவதில்லை! என்ன வேண்டும், அதைச் சொல்லு.”

“சரி, பதிலுக்கு நீயும் எனக்குக் காவல் பாரு.”

வெடுக்கியின் இறகெல்லாம் சுருங்கிவிட்டது. “அது மட்டும் கேட்காதே, வரிமுதுகா. ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிச் சொல்லியே ஆறு பேரை அனுப்பிவைத்தவள் நான். இந்த வாயால் இனிமேல் யாருக்கும் காவல் இல்லை.”

அணில் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. பிறகு சொன்னது.

“அப்படியானால் சருகைப் புரட்டிக் கொடு. அடியில் விதை இருந்தால் எனக்கு.”

“எத்தனை சருகு?”

“நூறு.”

“கொள்ளையடிக்கிறாயா? முப்பது!”

“அறுபது, அக்கா.”

“நாற்பது! அதற்கு மேல் ஒரு சருகு கிடையாது. இஷ்டம் இருந்தால் ஏறு, இல்லையென்றால் பொந்துக்குப் போ!”

வரிமுதுகன் ஒரு துள்ளலில் மேலே ஏறிவிட்டது. சத்தியமாகச் சொன்னால் அது இருபதுக்கே ஒப்புக்கொண்டிருக்கும். இத்தனை நாளும் செத்த குரலில் பேசியவள் இன்றைக்காவது கத்தினாளே! அதுவே அதற்குப் போதுமாக இருந்தது.

வெடுக்கி மூன்று புழு தின்றது. நாற்பது சருகைச் சரியாக எண்ணிப் புரட்டிவிட்டு மரத்துக்குத் திரும்பியது.

“இப்படியே எத்தனை நாள் இருப்பாய், அக்கா?” என்று கேட்டது அணில்.

“இந்த மரம் இருக்கிற வரைக்கும். எனக்கு வேறு என்ன இருக்கிறது? அவர்கள் உட்கார்ந்த கிளை. இதைக் காப்பாற்றிக்கொண்டு இருப்பேன். அவ்வளவுதான்.”

மறுநாள் காலை அந்த மனிதன் மறுபடி வந்தான். வரப்பில் புதிதாகச் சோளத்தை இறைத்தான். வெடுக்கி கிளையிலிருந்தே பார்த்தது. இந்தத் தடவை கத்தவில்லை. யாருக்காகக் கத்துவது? அவன் போய்விட்டான்.

வெயில் ஏறியது. கள்ளிவேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே இரைச்சல்.

கள்ளிவேலிதான் எல்லை. அந்தப் பக்கம் மொட்டைவாலின் கூட்டம். ஒன்பது பேர். தினம் காலையில் இரண்டு கூட்டமும் வேலிக்கு இரு பக்கமும் நின்று ஏசிக்கொள்வார்கள். “உன் ஆள் எங்கள் புழுவை எடுத்தான்!” “உன் மாமன் எங்கள் பழத்தைத் திருடினான்!” என்று பொழுது போகும். மொட்டைவாலுக்கு வால் மொட்டையாகப் போனதே வெடுக்கியின் மூக்கால்தான்.

இத்தனை நாளாக இந்தப் பக்கம் சத்தமே இல்லை. மொட்டைவாலுக்குத் தாங்கவில்லை. கூட்டத்தோடு வேலியைத் தாண்டி வந்துவிட்டது. கூடவே அதன் மனைவி பூசணி, தம்பிமார், தங்கைமார், பறக்கப் பழகிக்கொண்டிருந்த இரண்டு குஞ்சுகள்.

“பாருங்கடா, வரப்பெல்லாம் சோளம்!” என்றது மொட்டைவால். “இதை வைத்துக்கொண்டுதான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாளா, கெட்டிக்காரி!”

இரண்டு குஞ்சுகளும் இறக்கையைப் படபடவென்று அடித்து வாயைப் பிளந்தன. “பசிக்குது! பசிக்குது!”

அந்த மஞ்சள் வாய்களைப் பார்த்ததும் வெடுக்கி கிளையை விட்டு எழும்பியது. யோசிக்க நேரமில்லை. கல்லைப் போல வரப்பில் வந்து விழுந்தது.

“நில்லுங்க! யாரும் தொடாதீங்க! விஷம்!”

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

“வந்துட்டாளய்யா!” என்றது மொட்டைவால். “நேற்று வரைக்கும் இந்தப் பக்கம் கால் வைத்தால் கண்ணைப் பிடுங்குவேன் என்றவள், இன்றைக்கு எங்கள் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறாள்!”

“யோவ், பொய் சொல்லவில்லை! இதைத் தின்றுதான் என் வீட்டில் ஆறு பேரும் போய்ச் சேர்ந்தார்கள்!”

“ஆறு பேரா? எங்கே கிடக்கிறார்கள்? காட்டு, பார்ப்போம்!”

வெடுக்கியால் என்ன காட்ட முடியும்? “அவன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான்” என்றது.

“ஓகோ! பையில் போட்டுக்கொண்டு போனானா?” மொட்டைவால் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தது. “ஆறு பேரும் அந்தப் புதருக்குள்ளேதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாம் திரும்பினதும் வந்து மொத்தத்தையும் காலி பண்ணுவார்கள்.”

மரத்திலிருந்து வரிமுதுகன் கத்தியது. “அவள் சொல்வது நிஜம்! நான் கண்ணால் பார்த்தேன்!”

“நீ பேசாதே, அணில் தம்பி! ஈசல் கிளம்பின அன்றைக்கு ‘பாம்பு, பாம்பு’ என்று எங்களை ஓட வைத்தவன் நீதானே? சொல்லச் சொன்னவள் இவள்தானே? அரைப் புற்று ஈசலை நீங்களே தின்று தீர்க்கவில்லையா?”

அணில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. அது உண்மைதான். அந்தத் தந்திரத்துக்காக அன்றைக்கு வெடுக்கியைக் குடும்பமே தூக்கி வைத்துக் கொண்டாடியது. இன்றைக்கு அதே தந்திரம் வாயைக் கட்டிவிட்டது. அழுதால் நடிப்பு என்பார்கள். சத்தியம் செய்தால் வேஷம் என்பார்கள்.

ஒரு குஞ்சு தத்தித் தத்தி ஒரு சோளத்தை நோக்கிப் போனது.

வெடுக்கி என்ன சொன்னால் இவர்கள் நம்புவார்கள்? ஒன்றே ஒன்றுதான். பேரம். வெடுக்கி பேரம் பேசினால் அதில் பொய் இருக்காது என்று காட்டுக்கே தெரியும்.

வெடுக்கி குஞ்சுக்கு முன்னால் குதித்து இறக்கையை விரித்து நின்றது. குரலை மாற்றிக்கொண்டது.

“சரி, கண்டுபிடித்துவிட்டாய். விஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்த வரப்பு எனக்கு வேண்டும். இதில் இருக்கிற ஒரு மணியை நீங்கள் தொடக் கூடாது. என்ன கேட்கிறாய்? பேசு!”

மொட்டைவாலின் கண் பளபளத்தது. “அப்படி வா வழிக்கு! என்ன கொடுப்பாய்?”

“கரையான் புற்று.”

“புற்றா? அதில் என்ன இருக்கிறது? ஈசல் காலம் முடிந்துவிட்டதே!”

“கூட ஓடைக்கரை. இலந்தைப் புதர் வரைக்கும்.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ஓடைக்கரைக்காக மூன்று மழைக்காலம் சண்டை போட்டவர்கள் அவர்கள். பூசணி தலையைச் சாய்த்து வெடுக்கியைக் கூர்ந்து பார்த்தது.

மொட்டைவால் விடவில்லை. பேரத்தில் எதிராளி அவசரப்பட்டால் இன்னும் இறுக்க வேண்டும். அதை அதற்குக் கற்றுக் கொடுத்ததே வெடுக்கிதான்.

“போதாது,” என்றது மொட்டைவால். “மரத்தைக் கொடு.”

“எந்த மரம்?”

“இங்கே எத்தனை மரம் வைத்திருக்கிறாய்? இலுப்பை மரம்தான்!”

வெடுக்கி ஒரு முறை திரும்பி மரத்தைப் பார்த்தது. அந்தக் கிளை இங்கிருந்தே தெரிந்தது. ஓரத்து இடம் தெரிந்தது. பக்கத்தில் ஆறு பேருக்கான இடம் தெரிந்தது.

“என்ன, முடியாதா? அப்படியானால் நாங்கள் சாப்பிட உட்காருகிறோம்,” என்றது மொட்டைவால். “குஞ்சுகளா, வாங்க!”

“எடுத்துக்கொள்!” என்று கத்தியது வெடுக்கி. “மரத்தையும் எடுத்துக்கொள்! பொந்தில் இருக்கிற அணிலை மட்டும் விரட்டக் கூடாது. சுள்ளியை எடு!”

தவிட்டுக்குருவிகளின் பேரம் சுள்ளியில் முடியும். ஆளுக்கு ஒரு முனையைக் கவ்வி இழுத்து ஒடிப்பார்கள். ஒடிந்துவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு யாரும் மாற்ற முடியாது. மொட்டைவால் ஒரு முனையைக் கவ்வியது. வெடுக்கி மறு முனையைக் கவ்வியது.

பட்டென்று ஒடிந்தது.

“போங்க!” என்றது வெடுக்கி. “ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் போங்க! வரப்பில் நிழல் கூட விழக் கூடாது!”

மொட்டைவாலின் கூட்டம் ஆரவாரமாக இலுப்பை மரத்துக்குப் பறந்தது. குஞ்சுகளைப் பூசணி முன்னால் விட்டுத் தள்ளிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கிளையில் ஒன்பது பேரும் குதிக்கிற சத்தம் கேட்டது. வெடுக்கி அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சருகைக் கவ்விக்கொண்டு வந்து சோளத்தின் மேல் போட்டது. காலால் மண்ணைப் பறித்துத் தள்ளியது. மறுபடி சருகு. மறுபடி மண். ஒவ்வொரு மணியாக மூடிக்கொண்டே போனது.

வரிமுதுகன் ஓடி வந்தது. “அக்கா, என்ன பேரம் இது? புற்று போச்சு, ஓடை போச்சு, மரமும் போச்சு! இந்தக் குப்பைக்காகவா?”

“ஆமாம். என் வாழ்நாளில் இப்படி ஏமாந்ததே இல்லை,” என்றது வெடுக்கி. சொல்லிவிட்டு ஒரு சருகை எடுக்கப் போனது. பாதி வழியில் நின்றது. “வரிமுதுகா, அந்தச் சின்னதுகள் இரண்டும் பத்திரமாகப் போய்விட்டன, பார்த்தாயா?”

“பார்த்தேன், அக்கா.”

“அது போதும்.”

அணிலும் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது.

இலுப்பை மரத்தில் பூசணிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

“ஏங்க,” என்றது அது மொட்டைவாலிடம். “அவள் ஒரு புழுவுக்கே அரை நாள் மல்லுக்கு நிற்பவள். மூச்சு விடும் நேரத்தில் மொத்தத்தையும் கொடுத்துவிட்டாள். இதில் எங்கேயோ இடிக்கிறது.”

“நான் பேசின பேச்சு அப்படி!” என்று நெஞ்சை நிமிர்த்தியது மொட்டைவால்.

“நீங்க பேசின பேச்சு எனக்குத் தெரியாதா? வாலைக் கொடுத்துவிட்டு வந்த ஆள்தானே!”

பூசணி சத்தமில்லாமல் வரப்புக்குப் பறந்து வந்தது. வெடுக்கி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தது. வெடுக்கி ஒரு மணியையும் தொடவில்லை. மூடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, மூடாத சோளத்துக்கு நடுவில், ஒரு சுண்டெலி விறைத்துக் கிடந்தது. வாயில் பாதிச் சோளம்.

பூசணி அப்படியே நின்றுவிட்டது.

“கிட்டே வராதே!” என்றது வெடுக்கி. “சுள்ளி ஒடித்தாகிவிட்டது. இது என் இடம்.”

“அடியே வெடுக்கி…” பூசணி சுண்டெலியையும் வெடுக்கியையும் மாறி மாறிப் பார்த்தது. “அப்படியானால் உன் வீட்டுக்காரன்… உன் பெண்கள்… நிஜமாகவே…”

“ம்.”

“ஆறு பேருமா?”

“ஆறு பேரும். நான்தான் காவல். நான்தான் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னேன்.”

பூசணி ஒரு சருகைக் கவ்விக்கொண்டு வந்தது. வரப்பின் மறு கோடியில் குனிந்து மூட ஆரம்பித்தது. வெடுக்கி பார்த்தது, தடுக்கவில்லை. இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு பேரும் நெருங்கி வந்தார்கள்.

மனைவியைத் தேடிக்கொண்டு மொட்டைவால் வந்தது. சுண்டெலியைப் பார்த்தது. குஞ்சு கொத்தப் போன இடத்தைப் பார்த்தது. ஒரு சருகைக் கவ்விக்கொண்டு வந்து போட்டுவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டது. பிறகு மொத்தக் கூட்டமும் இறங்கியது. ஆளுக்கொரு சருகு, ஆளுக்கொரு பிடி மண். மேலே வரிமுதுகன் காவல். பொழுது சாய்வதற்குள் வரப்பு முழுக்க மூடியாகிவிட்டது.

“இது எத்தனை நாளைக்கு?” என்று கேட்டது பூசணி.

“ஒரு மழை வரைக்கும். மழை பெய்தால் மண் கரையும், மறுபடி தெரியும்,” என்றது வெடுக்கி. “நம்மால் இவ்வளவுதான் முடியும்.”

மொட்டைவால் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தது.

“மரத்தைத் திருப்பி வாங்கிக்கொள், வெடுக்கி.”

“சுள்ளி ஒடிந்தது ஒடிந்ததுதான்! கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எனக்கில்லை.”

“இப்படி ஒரு மரத்தில் நான் எப்படித் தூங்குவேன்? நீயே சொல்லு!”

“அது உன் பாடு!”

“அப்படியானால் நீ எங்கே தூங்குவாய்?”

வெடுக்கி இதை யோசிக்கவே இல்லை. திருதிருவென்று முழித்தது.

“எங்களோடு வா,” என்றது மொட்டைவால். “அதே கிளை. நடு இடம் உனக்கு.”

“நடுவா? நடு இடம் குஞ்சுகளுக்கு. எனக்கு வேண்டாம். நான் எப்போதும் ஓரம்தான்.”

“ஓரத்தில் குளிர் அடிக்கும். இளைத்துப் போயிருக்கிறாய். நடுதான்!”

“ஓரம்!”

“நடு!”

“யோவ், வால் இல்லாதவனே, ஓரம் என்றால் ஓரம்!”

“மிச்ச வாலையும் எடுத்துக்கொள், நடுவில் உட்காரு!”

பூசணி இடையில் புகுந்தது. “இரண்டு பேரும் சும்மா இருங்க! ஓரத்திலிருந்து இரண்டாவது. ஒரு பக்கம் நான். மறு பக்கம் என் சின்னது. சம்மதமா?”

வெடுக்கி வாயைத் திறந்தது. இன்னும் கொஞ்சம் பேசலாம்தான். ஆனால் அந்தச் சின்னது அதற்குள் அதன் இறக்கைக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வெடுக்கிக்குப் பேரம் மறந்து போயிற்று.

“சம்மதம்,” என்றது.

இருட்டுவதற்குள் பத்துப் பேரும் இலுப்பை மரத்துக் கிளையில் ஒட்டி உட்கார்ந்தார்கள். காலியாக ஓர் இடமும் இல்லை. மெல்லான் உட்கார்ந்த இடத்தில் அந்தக் குஞ்சு தூங்கியது. வெடுக்கி ஓசைப்படாமல் அழுதது. பூசணி தெரிந்தும் தெரியாதது போல இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தது.

விடிந்ததும் மேய்ச்சலுக்குக் கிளம்பினார்கள்.

“இன்றைக்குக் காவல் யார்?” என்று கேட்டது மொட்டைவால்.

யாரும் எதிர்பார்க்காமல், “நான் ஏறுகிறேன்,” என்றது வெடுக்கி. “ஆனால் ஒரு பேச்சு. இனிமேல் காவல்காரர் ஏறுவதற்கு முன்னால் இறங்க வேண்டும். தரையில் கிடப்பதைப் பார்க்க வேண்டும். எறும்பு மொய்க்கிறதா, பூச்சி செத்துக் கிடக்கிறதா, எல்லாம் பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். நான் வல்லூறு, பூனை, பாம்பு மட்டும்தான் பார்த்தேன். நம் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது போதாது.”

“பேரம் இல்லையா?” என்று சிரித்தது பூசணி.

“இதில் பேரம் கிடையாது!”

வெடுக்கி கீழே இறங்கியது. சருகுகளுக்கு நடுவே நடந்து நடந்து பார்த்தது. ஒவ்வொரு விதையையும் திருப்பிப் பார்த்தது. குஞ்சுகள் பொறுமையில்லாமல் கத்தின. அது அவசரப்படவில்லை. எல்லாம் பார்த்த பிறகு வேலமரத்து உச்சிக்கு ஏறியது. கண்ணை மூடி ஒரு நொடி இருந்தது. மெல்லானின் சிரிப்பு ஞாபகம் வந்தது. பிறகு குரல் கொடுத்தது.

“ஒன்றுமில்லை… ஒன்றுமில்லை… சாப்பிடுங்க.”

ஒன்பது தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. அந்தக் குரலை நம்பித்தான் குனிந்தன. வெடுக்கி பார்த்துக்கொண்டே இருந்தது. ஆறு பேருக்காக வளர்த்த குரல் அது. அது வீணாகிவிடவில்லை.

அப்போது கொல்லை ஓரத்தில் தலைத்துண்டு தெரிந்தது. கையில் பை.

“ஆள்! ஆள்!” என்று கூவியது வெடுக்கி. கூட்டம் புதருக்குள் பாய்ந்தது. வெடுக்கி மட்டும் ஒளியவில்லை. அவன் தலைக்கு மேலேயே போய்ச் சுற்றியது. ஒவ்வொருவராக மொட்டைவாலின் கூட்டமும் வெளியே வந்து அதோடு சேர்ந்து சுற்றியது. பத்துக் குரலும் ஒன்றாக எழுந்தன. அவன் பைக்குள் விட்ட கையை எடுக்காமல் அண்ணாந்து பார்த்தபடி நின்றான்.

நாம் அன்பு வைத்தவர்கள் போன பிறகும் அந்த அன்பு நம்மிடமேதான் இருக்கிறது. அதை உயிரோடு இருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்கும்போதுதான் நமக்கும் வாழ ஒரு காரணம் கிடைக்கிறது.

வெடுக்கிக்கு இது புரிந்துவிட்டது. வரப்பில் நிற்பவனே, உனக்கு எப்போது புரியும்? மழை வருவதற்குள் பையைத் திற! குனி! நீ இறைத்ததை உன் கையாலேயே ஒரு மணி விடாமல் அள்ளிக்கொண்டு போ!